தலைமாடு கால்மாடு

ஔலு நகரத்தில் முதல் பனி விழுமுன்
எட்டு சைக்கிள்கள் உள்ளே போயாக வேண்டும்.
கராஜின் அகலம் இரண்டு மீட்டர் எழுபது.
அதிலும் பனிச்சறுக்குக் கட்டைகள், ஒரு சறுக்குவண்டி,
எந்த வீட்டுடையது என்றே தெரியாத ஒரு கதவு.
கார் எப்போதோ வெளியேறிவிட்டது.
யாரும் அதைத் திரும்பக் கூப்பிடவில்லை.

கார்லோவுக்கு இரண்டு, அவன் மகள் சைமிக்கு ஒன்று.
எனக்கு ஒன்று, என் பிள்ளைகளுக்கு மூன்று:
வில்யா புதியதில் ஏறமாட்டாள்,
பழையதையும் விடமாட்டாள்.
ஆக ஏழு என்றேன் நான், பென்சிலைக் காதில் செருகி.

எட்டாவது சுவரோரம் சாய்ந்திருந்தது.
பச்சை. கூடையில் காய்ந்த பிர்ச் இலைகள்.
சைமியின் அம்மா துர்க்குவுக்குப் போனபோது
ரயிலில் ஏற்றாமல் விட்டுப்போனது.
நான் எண்ணாமல் தாண்டியதை
சைமி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் கப்பியும் கயிறும் வைத்த தாங்கி ஒன்று,
தானாகவே கூரைக்கு ஏறுமாம்.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தோம்,
பார்த்தபடியே திருப்பி வைத்தோம்.
கொக்கி ஒன்று இரண்டு யூரோ நாற்பது.
பழைய டியூபை வெட்டி அதற்கு உறை போட்டால்
சக்கர விளிம்பில் கீறல் விழாது.
கட்டடச் சாமான் கிடங்கின் பின்னால்
சரக்குப் பலகைகள் மழையில் ஊறிக் கிடந்தன,
"அள்ளிக்கிட்டுப் போங்க" என்றான் அங்கிருந்த பையன்.

சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டான் கார்லோ,
மருத்துவன் முதுகைத் தட்டுவது போல.
பொள்ளென்றால் அட்டை,
திண்ணென்றால் உள்ளே சட்டம்.
சட்டம் இல்லாத இடத்தில் அடித்த முதல் கொக்கி
டோவ்கோவின் சைக்கிளோடு நள்ளிரவில் விழுந்தது.
நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பது
அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தது.

தூக்க முடியாத சின்னவர்களுக்குத் தரையில் இடம்:
பலகையை நிமிர்த்தி வைத்தால் இடுக்குகள்,
இடுக்குக்கு ஒரு சக்கரம்.
பெரியவை மேலே. அங்கேதான் சண்டை.
ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார்,
கொம்பு கோத்த ஆடுகள் போல ஒன்றையும் பிரிக்க முடியவில்லை.
அளந்தோம். அழித்தோம். மறுபடி அளந்தோம்.
"ஏழுக்குத்தான் இடம் இருக்கு" என்றேன், நிஜமாகவே.

"அப்ப என்னுது வெளியே நிற்கட்டும்."
சைமி என்னிடம் பேசிய
இரண்டாவது முழு வாக்கியம் அது.

அன்றிரவு பிள்ளைகளின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.
வில்யாவும் டோவ்கோவும் ஒரே கட்டிலில்,
தலைமாடு கால்மாடாக.
இவள் பாதம் அவன் காதருகே,
நடுவில் ஒரு சாண் மிச்சம்.

காலையில் என் சைக்கிளைத் தலைகீழாக மாட்டினேன்.
ஹேண்டில்பார் கீழே போனது,
பக்கத்தில் பச்சையின் ஹேண்டில்பார் மேலே.
என் இருக்கை இருந்த உயரத்தில்
அவள் பெடல் வந்து நின்றது, ஒன்றையொன்று தொடாமல்.
கார்லோ ஏதோ சொல்ல வாயெடுத்து
திருகுகளைப் பொறுக்கப் போய்விட்டான்.

மொத்தச் செலவு முப்பத்தோரு யூரோ,
ஒரு கட்டைவிரல் நகம்.

பனிக்காலம் வந்தது. ஆணி டயர்களோடு
ஓடி வந்து தொங்கும் ஒவ்வொரு சைக்கிளும்
சொட்டுச் சொட்டாய் உருகியது.
கீழே பழைய பேக்கிங் தட்டுகளை வைத்தேன்,
கணக்குக்காகப் பச்சைக்கும் ஒன்று.
ஏழு தட்டுகளில் கலங்கல் தண்ணீர்,
எட்டாவதில் தூசி.

பிப்ரவரியில் ஒரு வியாழன், மைனஸ் பதினெட்டு.
தட்டுகளைக் கொட்டப் போனேன்.
எட்டாவதிலும் தண்ணீர்,
விளிம்பு வரை, ஒரு பிர்ச் இலை மிதக்க.
சைமியின் சைக்கிளுக்கடியில் தட்டு காய்ந்திருந்தது.

நான் எதுவும் கேட்கவில்லை.
மற்றதோடு சேர்த்து அதையும் வாசல் பனியில் ஊற்றினேன்.
துடைத்தேன்.
பச்சைக்கு நேர் கீழே திரும்ப வைத்தேன்.